வாசற்படி ஒரு கற்றல் வளம்

சேவை செய்ய வந்திருக்கிறோம் என்று யாராவது வாசலில் நின்றால், நான் முதலில் என் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். அது என் சுபாவம். காலேஜ் கேட்டில் காவலாளியாக நின்றே தலை நரைத்தவன் நான். உள்ளே போகிறவன் முகத்தையும் வெளியே வருகிறவன் பையையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த புத்தி. படிப்பு கம்மி. கையெழுத்துப் போடுவேன், எழுத்துக் கூட்டிப் போர்டு படிப்பேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் காலேஜுக்குப் பின்னால் இருக்கும் ஊழியர் குடியிருப்பில்தான் நானும் என் வீட்டுக்காரியும் இருக்கிறோம். இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போ என்று பழைய முதல்வர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரே நிபந்தனைதான். கட்டடம் காலேஜுடையது. ஓர் ஆணி அடிப்பதாக இருந்தாலும் அனுமதி வாங்க வேண்டும்.

என் வீட்டுக்காரி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கையில் ஒரு வாக்கரைக் கொடுத்து, இப்போதைக்குப் படி ஏறக் கூடாது என்று டாக்டர் அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டு வாசலிலோ மூன்று படி. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். கட்டியவன் மனசில் யானை ஏதாவது குடிவரும் என்று இருந்திருக்க வேண்டும். அதனால் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

தங்கை வீட்டில் சகலை இருக்கிறான். நாள் முழுக்கச் செய்தி பார்ப்பவன். அவனிடம் ரிமோட்டைக் கேட்பதும் கிட்னியைக் கேட்பதும் ஒன்று. என் வீட்டுக்காரி தினமும் எனக்குப் போன் செய்து, தன் நாடகத்தை விட்டுவிட்டு உலகத்தில் எங்கெங்கே வெள்ளம், எங்கெங்கே நிலநடுக்கம் என்று சொல்லுவாள். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்துவாள்.

"என் தங்கச்சி நல்லவதாங்க. ஆனா நல்லவங்க வீட்டுல எத்தன நாளைக்கு இருக்க முடியும்? வாசல் ஆச்சா?"

வாசலுக்கு வழி கைவசம் இருந்தது. என் கூட்டாளி ஒரு கொத்தனார். படியின் மேல் ஒரு பக்கமாகச் செங்கல் அடுக்கிக் கலவை கொட்டி ஒரு சரிவு போட்டுவிட்டால் வாக்கரை உருட்டிக்கொண்டே உள்ளே வரலாம், காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் கை கழுவிவிடலாம் என்றான். மணலைக் கொண்டுவந்து வாசலில் கொட்டியும் விட்டான். காலேஜ் அனுமதிதான் பாக்கி. நான் முதல்வரைப் பார்க்கப் போனேன். அன்றைக்குப் பார்த்து எனக்கு வயிற்றுவலி வந்திருக்கக் கூடாதா என்று பிற்பாடு பல நாள் நினைத்ததுண்டு.

முதல்வர் மேசை மேல் ஒரு பெரிய பெட்டி திறந்து கிடந்தது. 'பள்ளி, கல்லூரிகளில் சேவைவழிக் கற்றலை அறிமுகப்படுத்துவதற்கான வளப் பெட்டி' என்று அதில் எழுதியிருந்தது. படித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. உள்ளே கனமான புத்தகங்கள் மூன்று, சுருட்டி வைத்த படங்கள், நெஞ்சில் குத்திக்கொள்ளும் வட்ட அட்டைகள், ஒரு துணிப் பதாகை. பஞ்சுக்குள் பத்திரமாக ஒரு கூழாங்கல்.

பெட்டிக்குப் பக்கத்தில் தலையில் கை வைத்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். இந்தப் புதிய வேலைக்கு நியமிக்கப்பட்ட ஒருங்கிணைப்பாளர். எதற்கெடுத்தாலும் எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொல்வதால் பிள்ளைகள் அவருக்கு வட்டம் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். இனிமேல் வெறும் பாடம் படித்தால் மார்க்கு கிடையாது என்று மேலிடத்து உத்தரவு. ஊராருக்கு ஒரு சேவை செய்ய வேண்டும். அதிலிருந்து கற்க வேண்டும். கற்றதைப் பற்றி உட்கார்ந்து யோசித்து, யோசித்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். வருஷக் கடைசியில் மதிப்பீட்டுக் குழு வந்து பார்க்கும். இதற்கு வேண்டிய சகலமும் பெட்டியில் இருந்தது. தேவை மட்டும் இல்லை. அதை அந்தந்த ஊரிலேயே பிடித்துக்கொள்ள வேண்டுமாம்.

வட்டம் சார் ஊரெல்லாம் அலைந்து பார்த்துவிட்டார். முதியோர் இல்லத்தை மகளிர் கல்லூரி எடுத்துக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரி நோயாளிகள் மொத்தப் பேரும் நர்சிங் காலேஜ் கையில். பூங்காவில் குப்பை பொறுக்கலாம் என்று போனால், அந்தக் குப்பை ஏற்கெனவே ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியாகிவிட்டது. இவர் குனிந்து எடுத்த காகிதத்தை அந்தப் பள்ளி ஆசிரியை பிடுங்கி மறுபடியும் தரையில் போட்டாளாம். ரயில் நிலையத்தில் ஒரே ஒரு பிச்சைக்காரர் மிச்சமிருந்தார். அவரும், இந்த வருஷம் ஒழியாது சார், அடுத்த வருஷம் சீக்கிரமா வந்து சொல்லுங்க என்று அனுப்பிவிட்டார்.

இப்படி அவர்கள் தேவைக்குத் தவித்துக் கிடந்த நேரத்தில், நான் என் தேவையைத் தூக்கிக்கொண்டு, என் கால்களாலேயே நடந்து உள்ளே போயிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். முதல்வர் வட்டம் சாரைப் பார்த்தார். வட்டம் சார் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐயா, இன்னொரு தடவ சொல்லுங்க. அம்மாவால வீட்டுக்குள்ள வர முடியலையா?"

"முடியல."

"சுத்தமாவே?"

"சுத்தமாவே."

அவர் கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரிக்காகக் காலேஜில் ஒருவர் கண்ணீர் விட்டது அதுதான் முதல் தடவை. அது ஆனந்தக் கண்ணீர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அனுமதி கேட்டுப் போனவன் சேவை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மறுநாளே என் வாசலில் ஒரு கூட்டம். எல்லோர் நெஞ்சிலும் வட்ட அட்டை. வட்டம் சார் வட்டமாக உட்காரச் சொன்னார். கொத்தனார் கொட்டிய மணல் வசதியாக இருந்ததால் அதைப் பரப்பி அதன்மேலேயே உட்கார்ந்தார்கள். பிறகு அவர் பஞ்சுக்குள்ளிருந்து அந்தக் கூழாங்கல்லை எடுத்தார். அது சிந்தனைக் கல்லாம். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாமாம்.

ஒரு சரிவு போட்டால் முடிந்துவிடும், கொத்தனார் தயாராக இருக்கிறான் என்று நான் சொன்னேன். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரப் பெண், "தாத்தா, கல்லு இல்லாமப் பேசினா பேசினதா ஆகாது" என்று காதோடு சொன்னாள்.

கல் வட்டத்தைச் சுற்றிப் புறப்பட்டது. ஒரு பையன் அந்தப் படியில் தன் வாழ்க்கையைப் பார்ப்பதாகச் சொன்னான். இன்னொருத்தி, படிக்கும் வலிக்கும் அல்லவா என்று கேட்டாள். அடுத்தவன் தனக்குப் பசிக்கிறது என்றான். அவன் நேர்மையை வட்டம் சார் மெச்சி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். என்னிடம் வந்து சேர்வதற்குள் வெயிலில் கல் சுட்டுப்போயிருந்தது. நான் அதைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே முன்பு சொன்னதையே மறுபடி சொன்னேன்.

"அருமை. ஆனா ஐயா சொன்னது தீர்வு. நாம இப்ப தேவையிலதான் இருக்கோம். தீர்வு நாலாவது புத்தகத்துல வரும்" என்றார் வட்டம் சார்.

"பெட்டியில மூணுதானே இருந்துச்சு?"

"நாலாவது இன்னும் அச்சாகல ஐயா."

அதற்குப் பிறகு என் வாசலைத் துறைவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணிதத்துறை வந்து படியின் உயரத்தை அளந்தது. அடுத்த வாரம் வந்து, உயரம் மாறியிருக்கிறதா என்று மறுபடி அளந்தது. வேதியியல் பிள்ளைகள் படியின் மூலையைச் சுரண்டிக் குழாயில் போட்டுக்கொண்டு போனார்கள். வரலாற்றுத்துறை இந்தப் படியைக் கட்டியது யார் என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டது. தெரிந்தால் நானே அவனைத் தேடிப் போயிருப்பேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள். உளவியல் படிக்கும் ஒரு பெண் என் எதிரில் உட்கார்ந்து, படி மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அதைப் படியிடம் சொன்னீர்களா என்று கேட்டாள்.

நாடகக் குழுப் பையன்தான் பெரிய தொந்தரவு. அவன் படியாகவே மாறிப் பார்க்க வேண்டும் என்று மூன்றாவது படிக்கு மேலே குறுக்கே படுத்துக்கொண்டான். படி பேசாதல்லவா, அதனால் பேசவும் மாட்டான். கடைக்குப் போய்விட்டுப் பையோடு வந்த நான் அவனையும் சேர்த்து நாலு படி தாண்டி வீட்டுக்குள் போனேன்.

பிறகு உணர்ந்து பார்க்கும் வாரம் வந்தது. எங்கிருந்தோ ஒரு வாக்கரைக் கொண்டுவந்து, ஒவ்வொருவராக அதைப் பிடித்துக்கொண்டு படி ஏறிப் பார்த்தார்கள். வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. ஒருவன் நிஜமாகவே உருண்டு விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவனை நர்சிங் காலேஜ் எடுத்துக்கொண்டது. அவர்கள் பருவம் முடிகிற வரைக்கும் விட மாட்டோம் என்றுவிட்டார்களாம்.

இதையெல்லாம் என் வீட்டுக்காரியிடம் போனில் சொன்னேன். பின்னால் சகலையின் டிவியில் யாரோ யாரையோ கண்டித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, அத்தன பேரு வந்தாங்களே. ஆளுக்கு ஒரு செங்கல் வச்சிருந்தா முடிஞ்சிருக்குமே?"

எனக்கும் பொறுமை போய்விட்டது. அனுமதியாவது மண்ணாவது என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவன் கரண்டியும் சட்டியுமாக வந்து, சிமெண்ட் மூட்டையைப் பிரித்து, கலவையில் தண்ணீர் ஊற்றினானோ இல்லையோ, வட்டம் சார் ஓட்டமாக ஓடி வந்தார். பின்னாலேயே பிள்ளைகள். கண்ணாடிக்காரப் பெண் படி மேல் ஏறிக் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, வேண்டாம் தாத்தா. வெளி ஆளு வந்து தேவைய முடிச்சிட்டா எங்க எல்லாருக்கும் பூஜ்யம்னு ரெண்டாவது புத்தகத்துல இருக்கு. நான் மறுபடியும் ஒரு வருஷம் படிக்கணும். எங்கப்பா படிப்பையே நிறுத்திடுவாரு."

கண்ணாடிக்குப் பின்னால் அவளுக்குக் கண்ணீர் தளும்பியது. இவ்வளவு நாளில் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் நெஞ்சிலிருந்து பேசியது அதுதான். நான் கொத்தனாரைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். கலவை மெதுவாக இறுகிக்கொண்டிருந்தது. வீணாக்க மனமில்லாமல் அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுத் தொட்டியின் விரிசலில் பூசிவிட்டு, "அண்ணே, எனக்குப் படிப்பு வரலன்னு சின்ன வயசுல எங்கம்மா அழுதாங்க. பாவம், அவங்களுக்குத் தெரியல" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான்.

மறுநாள் முதல்வரே எங்கள் வாசலுக்கு வந்தார். ஆணி அடிக்க அனுமதி வேண்டும் என்றேனே, அந்தச் சுவரில் அவர் ஆளை விட்டு நாலு ஆணி அடித்து ஒரு பலகை மாட்டினார். 'இது கற்றல் வளம். பழுது பார்க்காதீர்கள்.' பிறகு பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"இந்தப் பெரியவர் அவசரப்படுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தன் மனைவியை மட்டும் நினைக்கிறார். நாம் எதிர்காலத் தலைமுறையை நினைக்கிறோம். இந்தப் படி சரியாகிவிட்டால் அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் எதைக் கொண்டு கருணையைக் கற்பார்கள்? நம் நூலகத்தில் புத்தகங்கள் இருக்கின்றன. ஒருவர் படித்து முடித்ததும் எரித்துவிடுகிறோமா? ஒரு தேவை கிடைப்பது எவ்வளவு அரிது என்று நம் ஒருங்கிணைப்பாளரைக் கேளுங்கள். சேவை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு முடிந்துவிடும். தேவை அப்படியல்ல. நாம் சரியாகப் பராமரித்தால் அது பல்லாண்டு இருக்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் ஒரு வட்ட அட்டை குத்திவிட்டார்கள். அதில் 'பயனாளி' என்று இருந்தது.

வருஷக் கடைசி நெருங்கியது. மதிப்பீட்டுக் குழு வருகிற நாளில் பயனாளி அம்மாவும் நேரில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வட்டம் சாருக்குத் தோன்றியது. அவளைக் காரில் அழைத்து வந்து, நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பிள்ளைகள் தூக்கிப் படி ஏற்றி வீட்டுக்குள் கொண்டுபோவது, குழு பார்த்து மனம் உருகுவது, பிறகு மறுபடி தூக்கி இறக்கித் தங்கை வீட்டிலேயே பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று ஏற்பாடு. ஒத்திகைக்கு வட்டம் சாரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தூக்கியவர்களில் ஒருவனுக்கு நடுப்படியில் தும்மல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஒத்திகை போதும் என்றார்.

எனக்கு இதில் விருப்பமில்லை. என் வீட்டுக்காரியைப் பொருட்காட்சிச் சாமான் மாதிரி கொண்டுவந்து காட்டிவிட்டுத் திருப்பி அனுப்புவதா? வர மாட்டேன் என்று சொல்லிவிடு என்று போனில் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"வீட்டுக்குள்ள வரைக்கும் தூக்கிட்டுப் போவாங்களா?"

"ஆமா. அப்புறம் திரும்ப..."

"சரி, வரேன்னு சொல்லிடுங்க."

அந்த நாள் வந்தது. குழுவில் மூன்று பேர். தலைவி ஒரு பெரிய அம்மாள், கறுப்புக் கண்ணாடி. இது நீடித்த தேவைதானே என்று முதல் கேள்வியிலேயே கறாராகக் கேட்டார். நிரந்தரமான தேவை மேடம், நாங்களே நேரில் கவனித்துக்கொள்கிறோம் என்றார் முதல்வர்.

கார் வந்து நின்றது. என் வீட்டுக்காரி மெலிந்திருந்தாள். ஆனால் தலை படிய வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். கூடவே இரண்டு பெரிய பைகள் இறங்கின. இவ்வளவு எதற்கும்மா என்று வட்டம் சார் கேட்டதற்கு, மாத்துத்துணி என்றாள்.

தூக்கினார்கள். படம் பிடிக்கிறவன், வெளிச்சம் முகத்தில் விழவில்லை, இன்னொரு தடவை என்றான். இறக்கி மறுபடி தூக்கினார்கள். பயனாளி சிரிக்கக் கூடாது, நன்றியோடு பார்க்க வேண்டும் என்று மூன்றாம் தடவை. ஒருவழியாக உள்ளே போனது நாற்காலி. கூடத்தில் டிவிக்கு எதிரில், அவள் எப்போதும் உட்காரும் மூலையில் கொண்டுபோய் வைத்தார்கள். சுற்றி வட்டமாக எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தலைவியம்மாள் மனம் உருகினார். முதல்வர் பேசினார். பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் வட்டம் சார் நாலு பிள்ளைகளுக்கும் கண்ணைக் காட்டினார்.

"சரிம்மா, கெளம்பலாமா?"

"எங்க?"

"உங்க தங்கச்சி வீட்டுக்கு."

"எதுக்குங்க? என் வீடு இதுதானே."

வட்டம் சார் சிரித்தபடியே விளக்கினார். அம்மா உள்ளே இருந்துவிட்டால் தேவை முடிந்துவிடும். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அம்மா வெளியே இருந்தாக வேண்டும். முதல் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரி மேசை மேல் இருந்த ரிமோட்டை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்தாள். சத்தம் போடவில்லை.

"நான் எழுந்திருக்க மாட்டேன். தூக்கறதா இருந்தா தூக்குங்க, பாக்கறேன்."

நாலு பையன்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்காலியின் முன்கால் பிடித்தவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள். முதல்வர் முகம் வெளிறியது. மதிப்பீடு நடந்துகொண்டிருக்கும்போதே கண்முன்னால் ஒரு தேவை நிறைவேறிப்போய்விட்டது. தலைவியம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, "அப்படியென்றால் இங்கே பிரச்சினை தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டார். குற்றம் கண்டுபிடித்த போலீஸ்காரர் குரல். கண்ணாடிக்காரப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

வட்டம் சார் வாசலைப் பார்த்தார். படியைப் பார்த்தார். என் வீட்டுக்காரியைப் பார்த்தார். மெல்ல அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"மேடம், தீரலை மேடம். இனிமே அம்மாவால வெளிய போக முடியாது."

தலைவியம்மாள் ஒரு கணம் யோசித்தார். பிறகு எழுந்து நின்று கைதட்டினார். ஒரு தேவை பழுத்து இன்னொரு தேவையாகக் கனிவதைத் தன் பணிக்காலத்தில் இப்போதுதான் நேரில் பார்ப்பதாகச் சொன்னார். காலேஜுக்கு உச்ச தரம் கிடைத்தது. பிள்ளைகள் எல்லோரும் தேறிவிட்டார்கள்.

புது வருஷம் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். வெளியே போக முடியாத அம்மாளுக்கு என்னென்ன தேவை என்று கண்டறிய வந்தவர்களிடம் என் வீட்டுக்காரியே சொன்னாள். ஒருத்தன் காய்கறி வாங்கி வந்தான். இருவர் துணி காயப்போட்டு மடித்தார்கள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள், நடுவில் வெங்காயக் கூடை. அழுதுகொண்டே உரித்தார்கள். ஆழ்ந்த சிந்தனை என்று வட்டம் சார் குறித்துக்கொண்டு போனார். நாடகக் குழுப் பையன் மட்டும் பழைய பாசத்தில் அவ்வப்போது வந்து ஒட்டடை அடித்துவிட்டுப் போவான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி நாடகம் பார்த்தாள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பாவம், பலகையும் ஆணியும் இருக்கிற வரைக்கும் இவள் வாசலைத் தாண்ட முடியாதே என்று படுத்தால் தூக்கம் வராது. ஒருநாள் காலையில் கொத்தனாரிடம் சொல்லி எப்படியாவது வேலையை முடித்துவிடுவது என்று எழுந்து வெளியே வந்தேன்.

என் வீட்டுக்காரி தெருவில் நின்றுகொண்டிருந்தாள். வாக்கர் இல்லை. இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் பால் பாக்கெட். சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று படியையும் ஒவ்வொன்றாக ஏறி என் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. எவ்வளவு நாளாக இது என்று கேட்டேன். இனி படி ஏறலாம் என்று போன மாசமே டாக்டர் போனில் சொல்லிவிட்டார் என்றாள்.

தெருமுனையில் பிள்ளைகள் பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் விறுவிறுவென்று உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, வாக்கரை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. பாவம், புள்ளைங்க மார்க்கு போயிடும்."